பூசணிக்காய் உடைத்த பிறகு ஒரு ஷாட்

அந்தப் படத்தில் கொலைகாரன் என்று நான் காட்டிய ஆள் ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் நான்.

படத்துக்குள் நடக்கிற கொலையைச் சொல்லவில்லை. அது கற்பனை. அதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை. படம் எடுத்த இடத்தில் நிஜமாகவே ஒரு மனிதர் செத்துப்போனார். அந்தச் சாவுக்குக் காரணம் நான். பழி என் சிநேகிதன் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு படத்தின் வழியாக நானே அதை இன்னொரு முறை அவன் தலையில் தூக்கி வைத்தேன். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு... அதைக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் எனக்கு வாயில் வராதது.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். ‘நாலாம் தளம்’ என்று பெயர். ஒரு பொங்கல் விடுமுறையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிவியில் போட்ட மர்மப் படம். தியேட்டருக்கு வந்ததில்லை. இன்னமும் யூடியூப்பில் கிடக்கிறது. ‘கிளைமாக்ஸ் எதிர்பார்க்கவே இல்லை’ என்று அதன் கீழே யாராவது புதிதாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நான் அவ்வப்போது எடுத்து வாசிக்கிறேன். எதற்கு வாசிக்கிறேன்? மன உளைச்சலிலா? இல்லை... பாராட்டு இனிக்கிறது, அதனால்தான். இவ்வளவுக்குப் பிறகும் இனிக்கிறது. என்ன ஜென்மம் இது என்று எனக்கே இருக்கிறது.

எனக்குச் சங்கரன்கோவில். பெயர் சங்கர். எங்கள் ஊரில் கல்லை எறிந்தால் ஒரு சங்கர் மேலோ ஒரு கோமதி மேலோதான் விழும். சிநேகிதன் பெயர் கோமதிநாயகம். நாயகம் என்று கூப்பிடுவோம். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். இருவருக்கும் சினிமாப் பைத்தியம். எனக்குக் கதை சொல்வதில், அவனுக்கு எதையாவது கழற்றி மாட்டுவதில்.

எங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போனவர் வேலுச்சாமி அண்ணாச்சி. பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். ஸ்டுடியோக்களில் லைட்மேன். ஊருக்கு வந்திருந்தபோது கரிவலம் பஸ்ஸில் அவரைப் பிடித்துத் தொங்கினோம். “சினிமான்னா சோத்துக்குச் சிங்கிதான் அடிக்கணும், சம்மதமால?” என்று கேட்டார். சம்மதம் என்றோம். அவர் அறையிலேயே படுத்தோம், அவர் வைத்த குழம்பையே தின்றோம். நான் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன். நாயகம் செட் அசிஸ்டென்ட் ஆனான். பலகை அடிப்பது, பெயிண்ட் அடிப்பது, தளத்தைக் கூட்டுவது, டிராலி தள்ளுவது, எல்லாம் அவன் வேலை. எந்தச் சாமான் எங்கே கிடக்கிறது என்று அவனைத்தான் கேட்பார்கள். எதையும் மறக்கமாட்டான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடங்கள் போய், ஒரு டிவி சேனல் எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மர்மக் கதை. செலவு குறைவாக இருக்கவேண்டும். நாங்கள் மூவரும் அடிக்கடி வேலை பார்த்த ஒரு பழைய ஸ்டுடியோவை அப்போது அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். இடிப்பதற்குள் யாராவது படம் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று மலிவாக விட்டார்கள். கதையையே அங்கே வைத்தேன். இடிபடப்போகிற ஒரு ஸ்டுடியோ. அதில் நடக்கும் கடைசிப் படப்பிடிப்பு. தளத்து வாசலில் ஸ்டுடியோ மேனேஜர் செத்துக் கிடக்கிறார். யார் கொன்றது?

இடத்தை நான் புதிதாக ஜோடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கேட்டில் நீச்சல் குளம் போட்ட பெரிய விளம்பரப் பலகை. உள்ளே சுண்ணாம்பில் செய்த கோபுரம், பாதி பொம்மைகளுக்குத் தலையில்லை. கூரையில்லாத கோர்ட். தண்ணீரே பார்த்திராத கிணறு. போலீஸ் ஸ்டேஷன் செட்டில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. தளம் என்று நாங்கள் சொல்கிற படப்பிடிப்புக் கொட்டகைகளில் மூன்று ஏற்கெனவே தரைமட்டம். நாலாம் தளம் மட்டும் நின்றது.

துப்புத் துலக்குகிறவராக ஒரு துணை நடிகரை வைத்தேன். வாழ்நாளெல்லாம் வசனமில்லாத போலீஸ் வேஷம் மட்டுமே போட்டவர், முதல்முறையாக நிஜப் போலீஸ்போல யோசிக்கிறார். கொலைகாரன் முதலாளியின் மகன். இடத்தை விற்றவனே கொலையும் செய்கிறான். அப்படித்தான் முதலில் எழுதினேன். நாயகத்தை மனசில் வைத்து ஒரு சின்னப் பாத்திரமும் எழுதியிருந்தேன். மாடசாமி என்ற செட் அசிஸ்டென்ட். நெல்லைப் பேச்சு, தோளில் ஒரு துண்டு, பேச்சுக்குப் பேச்சு ‘மக்கா’. சிரிப்புக்காக.

அது நாயகத்துக்குத் தெரியும். பெருமை தாங்கவில்லை. நடிக்க வந்தவருக்குத் துண்டை எப்படிச் சுழற்றித் தோளில் போடுவது என்று அவனே சொல்லிக்கொடுத்தான். தன் நீலக்கட்டம் போட்ட சட்டையையும் கொடுத்தான். ஊருக்குப் போன் போட்டு, “சங்கரு என்னையத்தான் படத்துல காட்டுதான், மாடசாமின்னு வருவேன், பாத்துக்கிடுங்க” என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தான்.

இனி அந்தக் கடைசி நாள்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம். படப்பிடிப்பு முடிந்ததும் பூசணிக்காய்மேல் கற்பூரம் ஏற்றி, கேமராவையும் ஆட்களையும் சுற்றி, வாசலில் போட்டு உடைப்பார்கள். உடைத்தால் படம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் கேமராவைத் தொடமாட்டார்கள்.

எனக்கு இன்னும் ஒரு ஷாட் பாக்கி. தயாரிப்பாளர் அவசரமாக ஊருக்குக் கிளம்பவேண்டும். ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நல்ல நேரத்தில் உடைத்துவிட்டால் அவர் நிம்மதியாகப் போவார் என்று நான்தான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். இப்போது உடைத்துவிடலாம், அந்த ஒரு ஷாட்டைச் சத்தமில்லாமல் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். நல்ல நேரம் தவறக்கூடாது என்கிற பயமும் எனக்கு இருந்தது, வழக்கத்தை மீறுகிற திமிரும் இருந்தது. இரண்டும் ஒரே மண்டைக்குள்!

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். “தம்பி, ஒடச்ச பெறவு எடுக்கக் கூடாதுய்யா. ஒரு ஷாட்டுதான, எடுத்துட்டே ஒடைப்பமே.”

“அண்ணாச்சி, நீங்க லைட்டை மட்டும் பாருங்க” என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் அறையில் படுத்து அவர் சோற்றைத் தின்றவன். அவர் முகம் சுருங்கிற்று, லைட் பக்கம் போய்விட்டார். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

பூசணிக்காயை உடைத்தாயிற்று. தளத்து வாசலில் சதையும் விதையும் குங்குமத் தண்ணீருமாய்க் கிடந்தது. தயாரிப்பாளர் காரில் ஏறினார். நாயகம் சாக்கோடும் துடைப்பத்தோடும் குனிந்தான். உடைத்த கையோடு அள்ளுவது அவன் வழக்கம்.

“ஏலே, அதப் பெறவு அள்ளு. வெயில் போகுது. வந்து டிராலியத் தள்ளு” என்றேன்.

“வழுக்கும்லே. நடக்கிற எடம்.”

“ரெண்டு நிமிசம்லே. வா.”

வந்தான். இதை எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. அவன் டிராலிப் பக்கம் போனான். நான் மானிட்டர் முன் உட்கார்ந்தேன். வெளியே நின்ற பெரிய லைட் ஒன்றை உள்ளே கொண்டுவரும்படி ஆள் விட்டுச் சொன்னதும் நான்தான். அண்ணாச்சி அதைத் தூக்கிக்கொண்டு, வயர் சிக்காமல் இருக்கப் பின்பக்கமாக நடந்து வந்தார். ஸ்டுடியோ தளத்துக் கதவு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், இரும்புத் தண்டவாளத்தில் ஓடும். வழுக்கி விழுந்தவரின் பின்மண்டை அந்தத் தண்டவாளத்தில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நினைவு திரும்பவே இல்லை. மறுநாள் போய்விட்டார்.

போலீஸ் வந்தது, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. ஆனால் படக்குழுவுக்கு ஒரு ஆள் வேண்டுமே. “வாசலை அள்ளாம விட்டது யாரு?” என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கத்தினார்.

நாயகம் என்னைப் பார்த்தான். நான் மானிட்டரைப் பார்த்தேன். அணைந்து கிடந்த மானிட்டர்... அதில் என்ன இருந்தது பார்ப்பதற்கு?

“அள்ள மறந்துட்டேன் சார்” என்றான் நாயகம்.

அன்று சாயங்காலம் டீக்கடைப் பக்கம் வைத்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. “உன் மொதப் படம்லே. டைரக்டர்தான் காரணம்னு ஆயிட்டா அம்புட்டுதான், ஒன்னைய எவனும் கூப்பிடமாட்டான். நான் என்ன, கூட்டுதவன். விடு” என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன்கூட. ஆனால் ஒத்துக்கொண்டேன், அதுதானே கணக்கு. அவன் நீட்டினான், நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சியின் உடலோடு வேனில் கரிவலம் வரைக்கும் போனவன் நாயகம். எனக்கு எடிட்டிங் இருந்தது. அதன்பின் அவனை எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. ஒரு சாவுக்குக் காரணமான கை என்று பேசிக்கொண்டார்கள். சங்கரன்கோவிலுக்கே வந்து பூ மார்க்கெட்டில் சின்னதாக ஒரு கடை போட்டான். அண்ணாச்சியின் மனைவி செல்லத்தாய் மதினிக்குக் கரிவலத்தில் கொஞ்சம் பிச்சிக்கொடியும் மல்லிகையும் உண்டு. அவர் கூடை நாயகம் கடைக்கு வரும். நல்ல விலை போட்டுக்கொடுப்பான். அவர் வீட்டுக் கூரை ஒழுகினாலும், மோட்டார் ஓடாவிட்டாலும் இவன்தான் போவான். மதினியும் அவனை வையவில்லை. “மறதி மனுசனுக்கு வாரதுதான. அவிய விதி முடிஞ்சுபோச்சு” என்று சொல்லியிருக்கிறார். மறந்தான் என்றே நம்பி, அதை மன்னிக்கவும் செய்திருந்தார்.

அதையும் நான் கெடுத்தேன்.

சேனலில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். முதலாளி மகன்தான் என்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது, யாருமே சந்தேகப்படாத ஒரு ஆள் வேண்டும், கிளைமாக்ஸை மாற்றி எடு என்றார்கள். யாருமே சந்தேகப்படாத ஆள்... மேஜைமுன் உட்கார்ந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாடசாமி. எல்லோரையும் சிரிக்கவைக்கிற மாடசாமி.

எப்படிக் கொன்றான்? பூசணிக்காய் உடைத்த இடத்தை வேண்டுமென்றே அள்ளாமல் விட்டான். பார்த்தால் விபத்துபோல இருக்கும். ஏன்? மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியிருந்தார். போலீஸ் வேஷக்காரர் கேட்கும்போது மாடசாமி என்ன சொல்வான்? என் பேனா நிற்கவே இல்லை. “அள்ள மறந்துட்டேன் சார்.” அதற்குப் போலீஸ் வேஷக்காரர் சொல்கிறார், “இத்தனை வருஷமா எதையும் மறக்காத ஆளு, இன்னைக்கு மட்டும் எப்படி மறந்தே?”

அந்த வசனத்தைத்தான் யூடியூப்பில் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள்.

சிநேகிதன் எனக்காகச் சொன்ன பொய்யை எடுத்து, கொலைகாரனின் வாயில் வைத்தேன். ஏன் செய்தேன்? கதைக்குப் பொருந்தியது என்று உங்களிடம் சொல்லலாம். சேனல் நெருக்கியது என்று சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டும் சால்ஜாப்பு. நிஜம் என்னவென்றால், எழுதி முடித்தபோது எனக்கு மனசு லேசாயிருந்தது. அவன்தான் செய்தான் என்று நான் நம்ப ஆசைப்பட்டேன். தாளில் எழுதிப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நம்பவும் முடிந்தது.

மறுபடியும் அந்த ஸ்டுடியோவுக்குப் போனோம். நாலாம் தளத்தில் பாதிக் கூரையைப் பிரித்திருந்தார்கள். அந்தக் கதவுத் தண்டவாளம் மட்டும் அப்படியே கிடந்தது. அங்கேயே புதிதாக ஒரு பூசணிக்காயை உடைக்கவைத்துப் படமெடுத்தேன். பழைய ஆட்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ‘ஆக்‌ஷன்’ சொன்னேன். நாயகத்தின் நீலக்கட்டம் சட்டை அந்த நடிகர் உடம்பில் இருந்தது.

நாயகத்திடம் கதையை மாற்றியதைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மாட்டுப்பொங்கல் வந்துவிட்டது. ஊருக்கு வா என்று அம்மா கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சென்னையிலேயே இருந்துகொண்டேன்.

படம் தொடங்கப்போகிற நேரத்தில் நாயகம் போன் பண்ணினான். பின்னால் ஒரே சத்தம், சிரிப்பு. “மக்கா, வீடு கொள்ளாத ஆளு. மதினியையும் கரிவலத்துலேர்ந்து கூட்டியாந்துட்டேன். அண்ணாச்சி கடைசியா லைட் போட்ட படம்லா, பாக்கணும்னாவ. முன்னாடி நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டிவியை நிறுத்திவிடு என்று ஒரு வார்த்தை. கரண்ட் ஃபியூஸைப் பிடுங்கு என்றாவது. நான், “சரியாக் கேக்கல நாயகம், டவர் இல்ல” என்று சொல்லித் துண்டித்தேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

அங்கே நடந்ததை நாயகத்தின் மனைவி முத்துலட்சுமிதான் பிற்பாடு என்னிடம் சொன்னாள். மாடசாமி வந்தபோதெல்லாம் தெருக்காரர்கள் கைதட்டினார்களாம். ‘நாயகம் வாரான் பாரு’ என்று பிள்ளைகள் கத்தினார்களாம். கடைசிக் காட்சியில் ஒரு சத்தமும் இல்லை. “மதினி எந்திரிச்சாவ, செருப்ப மாட்டுனாவ, பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டாவ. இவரு பின்னாடியே ஓடுனாரு. திரும்பிக்கூடப் பாக்கல அண்ணே. நீங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா” என்றாள். அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளிலிருந்து மதினியின் பூக்கூடை வேறு கடைக்குப் போயிற்று.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நான் ஊருக்கே வந்துவிட்டேன். வீட்டோடு சேர்ந்து நாலைந்து விசைத்தறிகள் ஓடுகின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் ஊரில் எனக்கு இன்னும் ‘டைரக்டர்’ என்றுதான் பெயர். நாயகத்துக்கு ஊர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘பூசணிக்காய்’. விளையாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் சிரிக்கிறான்.

வந்த புதிதில் அவன் கடைக்குப் போனேன். சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. தராசில் பூவைக் கொட்டிக்கொண்டே கேட்டான். “ஏம்லே அப்படிப் பண்ணுன?”

தராசில் சரிகிற பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஊர் பேசுனா பேசிட்டுப் போவுது. எனக்கு அந்த வீட்டுக்குப் போக முடியல சங்கரு. அண்ணாச்சி போட்ட சோறு இந்த உடம்பு. வேணும்னே அவரக் கொன்னுட்டேன்னு மதினி நெனைக்காவ. அத மட்டும் சரிபண்ணிக் குடு. நடந்தத நீ போயிச் சொல்லு.”

“நீயே சொல்லியிருக்கலாமே நாயகம்...”

“நான் சொன்னா, தப்பிக்கிறதுக்காக ஒம்மேல போடுதேன்னு நெனைப்பாவ. சொல்ல வேண்டியவன் நீதான்.”

சரி என்றேன். ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும் என்றேன். ஐப்பசி மழை நிற்கட்டும் என்றேன். தறிக்குப் பாவு நூல் வந்திருக்கிறது, அதை ஏற்றிவிட்டுப் போகிறேன் என்றேன். கரிவலம் என்ன காசியா? பைக்கை எடுத்தால் ஒரு டீ குடிக்கிற நேரம். நாயகம் மறுபடி கேட்கவே இல்லை. என்னைப் பார்க்கும்போது, போனியா என்கிற மாதிரி கொஞ்சம் தலையைத் தூக்குவான், அவ்வளவுதான். அது தாங்காமல்தான் ஒருநாள் போனேன். நல்ல மனசினால் இல்லை.

மதினி வாசலில் பூ பறித்து வந்த கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி, டைரக்டரு தம்பி” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிர்ச் சுவரில் அண்ணாச்சியின் படம், சுற்றிலும் சின்னச் சின்னப் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. கருப்பட்டிக் காபி வந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூசணிக்காயை முன்னாலேயே உடைக்கவைத்தது, அண்ணாச்சி வேண்டாம் என்றது, அள்ளப்போன நாயகத்தை நான் கூப்பிட்டது, அவன் எனக்காகப் பழியை ஏற்றது, எல்லாம்.

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றிருந்தது.

“ஒங்களுக்கு எம்புட்டு நல்ல மனசு தம்பி” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“சேக்காளியக் காப்பாத்த இப்படி ஒரு பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட யாருக்கு மனசு வரும்? அவன் செஞ்சத நேருக்கு நேரா எங்கிட்டச் சொல்ல முடியாமத்தான அன்னைக்குப் படத்துல காட்டுனீய. அது எனக்குத் தெரியாதா. இப்ப அவன் வந்து அழுதிருப்பான், மனசு கேக்காம வந்திருக்கீய.”

“இல்ல மதினி. படம்தான் பொய். இதுதான் நெசம்.”

“நாயகம் எதையாச்சும் மறக்குதவனா? சொல்லுங்க. எந்திரிக்கும்போது செருப்பக்கூட மறக்கமாட்டான். அன்னைக்கு மட்டும் எப்படி மறந்தான்?”

என் வசனம். வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதிய வசனம். அவன் மறக்கவில்லை, நான்தான் தடுத்தேன் என்று திரும்பச் சொன்னேன். சொன்னேனா? சொன்னேன், ஆனால் குரல் இறங்கிவிட்டது.

மதினி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார். “சரி. அந்தா இருக்காவ. அவிய படத்துல கைய வச்சு, நான்தான் காரணம்னு ஒரு சத்தியம் பண்ணுங்க. நான் நம்புதேன். இப்பவே ஒங்க கூட வந்து அவன் கையில என் கூடையக் குடுக்கேன்.”

எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். சொல்லப்போவது பொய்யும் இல்லை. உண்மைக்குச் சத்தியம் பண்ண என்ன பயம்?

நான் எழுந்திருக்கவில்லை.

இதுதான் அந்த மூன்றாவது. அதுவரை வாயால் சொன்னதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் அழிந்துபோகிற பேச்சு. அவர் நம்பாமல் போக ஒரு வழி இருந்தது, எனக்குள் ஒருவன் அந்த வழியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். கையை வைத்துவிட்டால் அது அடைந்துபோகும். அதன்பின் இந்த வீட்டில் எனக்கு நாற்காலி துடைத்துப் போட ஆளிருக்காது. ஊரில் டைரக்டர் என்று கூப்பிட ஆளிருக்காது. ஒரே ஒரு நொடி இதையெல்லாம் நினைத்தேன். டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் கருப்பட்டி வண்டல் கிடந்தது.

மதினி மெல்லச் சிரித்தார். “பாத்தீயளா... பொய்ச் சத்தியம் பண்ண ஒங்களுக்கு மனசு வரல. நல்ல வளர்ப்பு.”

அதையும் வாங்கிக்கொண்டேன். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தேன். கிளம்பும்போது அம்மாவுக்கு என்று ஒரு பந்து பிச்சிப்பூவை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேராக நாயகத்தின் கடைக்கு வந்தேன். என் கையில் இருந்த பூவைப் பார்த்தான். எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை. மதினி கட்டுகிற கட்டு அவனுக்குத் தெரியும்.

“சொன்னியாலே?”

“சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். நம்பமாட்டேங்காவ நாயகம்.”

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனித்தீர்களா? மர்மக் கதை எழுதிப் பழகியவன். எதைச் சொல்லாமல் விட்டால் கதை நிற்கும் என்பது எனக்குக் கை வந்த கலை.

நாயகம் தராசுத் தட்டைத் துண்டால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு என் தோளில் கை வைத்தான்.

“விடு. நீ போயிச் சொல்லிட்டேல்லா. அது போதும் மக்கா. வேற எவனா இருந்தாலும் போயிருக்கமாட்டான்” என்றான்.

இப்போதும் தினமும் காலையில் மார்க்கெட் வழியாகத்தான் போகிறேன். கரிவலம் பஸ் வந்து நிற்கும். மதினியின் கூடையைக் கூரையிலிருந்து இறக்குவார்கள். அது நாயகத்தின் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகும். அது தாண்டும் வரைக்கும் அவன் நிறுக்கிறதை நிறுத்திவிட்டு நிற்பான். என்னைப் பார்த்தால் சிரிப்பான். இப்போதெல்லாம் தலையைத் தூக்கிக் கேட்பதில்லை. எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே.

உங்களிடம் சொல்ல முடிந்தது. இத்தனை பக்கம் சொல்ல முடிந்தது. நீங்கள் யாரோ, எங்கேயோ இருக்கிறீர்கள். என்மேல் காறித் துப்பினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

கரிவலத்தில் அந்தப் படம் அதே சுவரில்தான் இருக்கிறது. பைக் வாசலில் நிற்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.